மழையில பாரு, வெயில்ல பூசு

பாத்ரூம் சுவத்துல ஓட்டை போட்டது நீ. அந்த ஓட்டை வழியா மழை உள்ள வருதுன்னு அழுததும் நீ. நல்லாருக்குல பேராண்டி ஒன் நியாயம்! காத்து போக வழி விட்டா, அந்த வழி தண்ணிக்குத் தெரியாமலா போவும்? ‘இது வெளியே செல்லும் வழி, உள்ளே வரக்கூடாது’ன்னு போர்டு எழுதி மாட்டியிருக்கியா? மாட்டினாலும் மழைக்கு வாசிக்கத் தெரியுமா?

ஒங்கம்மா போன்ல சொன்னா. ‘பய வாளியும் கையுமா பாத்ரூம்லயே நிக்கான் மாமா, எக்ஸாஸ்ட் ஃபேன் வழியா ஒழுகுதாம்’னா. எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துச்சு. ஒரு வீடு ஒழுகணும்னா பாத்ரூம்லதாம்ல ஒழுகணும்! அதைவிட ஏத்த இடம் வேற ஏது? பட்டாசல்ல ஒழுகினா பாய் நனையும். அடுப்படியில ஒழுகினா அரிசி நனையும். பாத்ரூம்ல என்ன நனையப் போவுது, சோப்பா?

ஆனா சிரிச்சுட்டு விட்டுர முடியாது. அந்தத் தண்ணி சொட்டுதது ஃபேன் மோட்டார் மேல. கரண்டும் தண்ணியும் சம்பந்தம் வச்சுக்கிட்டா, சீர் செய்யுதது நாமதான். அதனால மத்த பேச்செல்லாம் பொறவு. முதல்ல போயி அந்த லைனுக்கான எம்.சி.பி.யைக் கீழ இறக்கு. ஃபேன் சுவிட்சை மட்டும் அமத்திட்டு ஏணியில ஏறாத. கரண்டு பொட்டியில 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கான்னும் பாத்துக்கோ. எம்.சி.பி. வயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்துதது அந்த ரெண்டாவது ஆளுதான். இறக்கிட்டியா? சரி, இப்ப உக்காரு.

2023 டிசம்பர் நடுவுல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டிச்சு. தாமிரவருணி கரையைத் தாண்டி ஊருக்குள்ள வந்துச்சு. அன்னைக்கு எவனும் ‘ஒன் பாத்ரூம் ஒழுகுதா’ன்னு கேக்கல, ‘வீடு இருக்கா’ன்னுதான் கேட்டான். அந்த மழைக்கு ஒழுகினா அது விதி. ஒன் வீடு ஒழுகுதது அரைமணி நேரத் தூத்தலுக்கு. அதுக்குப் போயி மழையைத் திட்டாத. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழைன்னு பெரியவங்க எப்பவோ சொல்லி வச்சிட்டாங்க. மழை முன்கூட்டிச் சொல்லிட்டுத்தான் வருது. கட்டுன நமக்குத்தான் காது கேக்கல.

எங்க காலத்துல குளிக்கிற இடம் புறவாசல்ல இருந்துச்சு. நாலு பக்கம் தட்டி மறைப்பு, கீழ ஒரு கல்லு, மேல ஆகாசம். மழை பெஞ்சா ஒரே செலவுல ரெண்டு குளியல். ஈரம் எங்க போவும்? வந்த வழியே மேல போவும். பூஞ்சை எங்க பிடிக்கும்? பிடிக்கதுக்குச் சுவரு வேணும்லா!

ஒன் காலத்துல குளியலறை கட்டிலுக்குப் பக்கத்துல வந்துட்டு. ஜன்னல் கிடையாது. கண்ணாடிக் கதவு. மேல ஃபால்ஸ் சீலிங். சித்திரை மாசத்துலயும் ஹீட்டர். அத்தனை நீராவியும் எங்க போவும்? சுவத்துல உக்காந்து கறுப்பு கறுப்பாப் பூக்கும். அதனால ஃபேன் வேணும்ல, நான் வேண்டாம்னு சொல்லல. நீ குளிச்சு முடிச்ச பொறவும் ஒரு இருபது நிமிசம் அது ஓடணும். கதவுக்குக் கீழ முக்கால் அங்குலம் இடுக்கும் வேணும். காத்து உள்ள வராம எப்படி வெளிய போவும்? நீ என்னடான்னா கதவுக்கு அடியில ரப்பர் வச்சு அடைச்சிட்டு, ஃபேன் இழுக்கலைன்னு சொல்லுத.

சரி, ஓட்டை போடாம புகையையும் ஆவியையும் வெளிய அனுப்ப முடியாது. ஆனா ஓட்டை போடுததுக்கு ஒரு லெச்சணம் உண்டு. பழைய ஓட்டு வீட்டு அடுப்படியில புகைக்கூண்டு பாத்திருக்கியா? கூரையில ஓட்டை இருக்கும். அதோட விளிம்பு கூரையைவிட ஒசந்து நிக்கும். அதுக்கு மேல ஒரு குட்டிக் கூரை, ஓட்டையைவிட அகலமா. பக்கவாட்டுல திறந்து கிடக்கும். புகை பக்கவாட்டுல நழுவிரும். மழை மேல விழுந்து சரிஞ்சு போயிரும். விளிம்பு ஒசரம், மூடி அகலம், வெளிப்பக்கம் சரிவு. மூணே மூணு விதி. அதைச் செஞ்ச ஆசாரி பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்கினவரு இல்ல. ஒன் பாத்ரூம் ஓட்டையில இந்த மூணுல ஒண்ணாவது இருக்கா? இல்ல. ஆனா வைஃபை இருக்கு.

வைஃபை எதுக்குல ஃபேனுக்கு? ‘குளியலறையில் ஈரப்பதம் அதிகம்’னு போனுக்குச் செய்தி வருமாம்லா! ஈரத் துண்டைக் கட்டிக்கிட்டு நிக்கிறவனுக்கு ஈரம் இருக்குன்னு போன் சொல்லணுமா? அந்தச் செய்தியில மழை எந்த இடுக்கு வழியா வருதுன்னு போட்டிருக்கா? போடாது. அது கம்பெனிக்காரனுக்கே தெரியாது.

ஒழுகல் ஆரம்பிச்சதும் நீ கூப்பிட்ட ஆளுங்க பட்டியலைக் கேட்டேன். ஒருத்தன் சூட்டைப் படம்பிடிக்கிற கேமராவோட வந்தானாம். சுவரைச் செவப்பும் நீலமுமாக் காட்டி, ‘சார், இந்த இடம் குளிர்ந்திருக்கு, ஈரம் இருக்கலாம்’னானாம். கையை வச்சுப் பாத்தா ஒனக்கே தெரியும்லா? எங்க ஈரம்னு அந்தப் படம் சொல்லும், ஒத்துக்கிடுதேன். ஈரம் எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லாது. அதைச் சொல்ல மேல ஏறிப் பாக்கணும். அவன் இஸ்திரி போட்ட சட்டையில்லா வந்திருக்கான், ஏணியில ஏறுவானா?

இன்னொருத்தன் வாஸ்துக்காரன். ‘ஈசானிய மூலையில ஓட்டை ஆகாது’ன்னானாம். அவன் சொன்னதுல பாதி சரி. ஐப்பசி, கார்த்திகையில நம்ம பக்கம் காத்து வடகிழக்கேருந்துதான் வருது. அங்க ஓட்டை இருந்தா நனையத்தான் செய்யும். இதைச் சொல்ல பஞ்சாங்கம் எதுக்கு? கொடியில ஒரு வேட்டியைக் காயப் போடு. எந்தப் பக்கம் பறக்குன்னு பாத்தா போதும். வேட்டி தட்சணை கேக்காது.

மூணாவது வந்தவன் ஒரு டப்பாவைக் காட்டி ‘நானோ’ன்னு என்னமோ சொன்னானாம். பத்து வருசம் கியாரண்டியாம். அவன் கம்பெனி தொடங்கி எத்தனை வருசம்னு கேட்டியா? அதைக் கேக்கல. கலர் கார்டை மட்டும் வாங்கி வச்சிருக்க.

இப்ப நான் சொல்லுததைக் கேளு. நீ செய்யுதது எல்லாம் தலைகீழ். மழை கொட்டும்போது கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசச் சொல்லுத. நனைஞ்ச சுவத்துல என்ன ஒட்டும்? பொறவு நல்லா வெயில் அடிக்கும்போது நாலு பேரைக் கூட்டிட்டு வந்து ஒழுகலைக் காட்டுத. காஞ்ச சுவத்துல என்ன தெரியும்? மழையில பாக்கணும், வெயில்ல பூசணும். வேற ரகசியம் ஒண்ணும் கிடையாது.

மழையில என்னத்தப் பாக்கணும்? நேரத்தைப் பாரு. அது எப்ப சொட்டுதுங்கிறதுலயே பாதி வைத்தியம் முடிஞ்சிரும்.

காத்தோட சேந்து மழை அடிக்கும்போது மட்டும் சொட்டுதா? காத்து நின்னா சொட்டும் நிக்குதா? அப்ப தண்ணி நேரா ஓட்டை வழியாத்தான் வருது. ஃபேனுக்கு வெளிய இருக்கிற தகடு மூடாமத் திறந்து கெடக்கும். காத்தே இல்லாத நேர்மழைக்கும் சொட்டுதா? அப்ப மேலேருந்து சுவத்தோட வழிஞ்சு வந்து, சட்டத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கிற இடுக்குல புகுந்திருக்கும். மழை நின்னு, நீ சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பொறவும் சொட்டிக்கிட்டே இருக்கா? பாவம், ஃபேன் மேல பழியைப் போடாத. மொட்டை மாடித் தளத்துல தண்ணி கட்டி நிக்குது. அது பையப் பைய இறங்கி, கெடைச்ச ஓட்டை வழியா எட்டிப் பாக்குது. மழையே பெய்யாத நாள்லயும் சொட்டுதா? மேல தண்ணி டேங்கு பைப்பைப் பாரு. அடுக்குமாடியா இருந்தா மாடி வீட்டுக்காரனைப் பைய விசாரி. சண்டைக்குப் போவாத. அவன் வீட்டுக் குளியலறைத் தரைதான் ஒன் தலைக்கு மேல இருக்கு.

இன்னொண்ணு இருக்கு. அதுலதான் படிச்சவன் அம்புட்டுப் பேரும் ஏமாறுதான். வெந்நீர்ல குளிச்ச பொறவு மட்டும் சொட்டும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல பளபளன்னு ஒரு சுருள் பைப்பு ஓடுதுல்லா? மழைநாள்ல அது சில்லுன்னு இருக்கும். ஒன் நீராவி போயி அதுல பட்டு வேர்த்து, தண்ணியாத் திரும்பி வரும். பைப்பு நடுவுல தொய்ஞ்சு கெடந்தா, அங்க தேங்கி நிக்கும். ஒருநாள் மொத்தமாக் கொட்டும். அன்னைக்குன்னு பாத்து வெளிய மழையும் பெய்யும். நீ ‘மழை ஒழுகுது’ன்னு ஊரைக் கூட்டுவ. நீ குளிச்ச தண்ணியைத்தாம்ல வாளியில பிடிச்சுக்கிட்டு நிக்க! அதுக்கு வைத்தியம் என்ன? பைப்பைத் தொய்வில்லாம இழுத்துக் கட்டு. நீளத்தைக் குறை. வெளிப்பக்கமா சரிச்சு விடு. அம்புட்டுதான்.

காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னும் பாரு. கிழக்கேருந்து கொண்டல், வடக்கேருந்து வாடை. தூத்துக்குடிப் பக்கம் கார்த்திகையில நனையுத சுவரு கிழக்கும் வடக்கும். தென்காசியில ஆனி, ஆடியில சாரல் மேற்கேருந்து வரும். அங்க நனையுத சுவரு வேற. ஒரே கட்டட வரைபடத்தை ரெண்டு ஊருக்கும் விக்கான் இஞ்சினியரு. காத்துக்கு எந்த ஊருன்னு தெரியும், அவனுக்குத் தெரியலையே!

அடுப்படியையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வா. அங்க ஒரு சிம்னி மாட்டியிருக்கேல்லா? மணிக்கு ஆயிரம் கன மீட்டருக்கு மேல காத்தை இழுக்கும்னு அது பொட்டியிலயே போட்டிருக்கான். மழைக்குப் பயந்து ஜன்னலெல்லாம் சாத்திட்டு, வடை சுடணும்னு சிம்னியைப் போடுதீங்க. இழுக்கிற காத்துக்கு ஈடு எங்கேருந்து வரும்? பாத்ரூம் ஓட்டை வழியாத்தான் வரும். காத்து வரும்போது தூவானத்தையும் கையோட கூட்டிட்டு வரும். வடை சுடும்போது மட்டும் பாத்ரூம் ஒழுகுதுன்னா செய்வினைன்னு நெனச்சுராத. அடுப்படி ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை.

மழையில பாக்க நேரமில்லாம ஆபீசுல இருந்தியா? சரி, வெயில் நாள்ல நீயே வருணபகவான் ஆயிக்கோ. எம்.சி.பி.யை இறக்கிட்டு, தோட்டத்து ஹோசை எடு. உள்ள ஒருத்தரை டார்ச்சோட நிறுத்து. வெளியேருந்து தண்ணி விடு. எங்க ஆரம்பிக்கணும்? எல்லாரும் மேலேருந்துதான் ஆரம்பிப்பான். அது தப்பு. மேலேருந்து விட்டா எல்லா இடமும் ஒண்ணா நனையும். எந்த இடுக்குல புகுந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவ? கீழேருந்து ஆரம்பி. ஓட்டைக்குக் கீழச் சுவத்துல பத்து நிமிசம் விடு. உள்ள சொட்டலையா? பக்கத்துல விடு. பொறவு மேல. பொறவு அதுக்கு மேல சன்சைடு இருந்தா அதுல. கடைசியா கைப்பிடிச்சுவர். எந்தக் கட்டத்துல உள்ள நிக்கிறவங்க கத்துதாங்களோ, அங்கதான் வழி. ஓட்டைக்குள்ளயே நேராப் பீச்சியடிச்சுட்டு ‘ஒழுகுது’ன்னு சொல்லாத. அப்படி அடிச்சா எந்த வீடும் ஒழுகும்.

உள்பக்கம் தண்ணி எந்தத் தடத்துல இறங்குதுன்னு கண்ணுக்குப் பிடிபடலையா? சாமி மாடத்துல இருந்து ரெண்டு சிட்டிகை திருநீறு எடு. ஓட்டையைச் சுத்திக் காஞ்ச சுவத்துல தடவு. தண்ணி இறங்குன இடத்துல கோடு விழும். ஆயிரக்கணக்குல ரூபாய் வாங்குத கேமராக்காரன் காட்டாததை, பைசா செலவில்லாம அது காட்டும். ஒருவேளை புண்ணியமும் சேரும்.

இப்ப வைத்தியம். காசு கம்மியா ஆகுததுல இருந்து ஆரம்பிப்போம். ஒங்க தலைமுறை மேலேருந்து ஆரம்பிக்கும். பர்ஸ் காலியான பொறவு கீழ வரும்.

முதல்ல வெளிப்பக்கத் தகட்டைப் பாரு. ஃபேன் ஓடும்போது தன்னால திறந்து, நின்னதும் தன்னால விழுந்து மூடணும். நின்னா மூடுதா? மூடாது. ஏன்? அணில் பஞ்சு கொண்டுவந்து அடைச்சிருக்கும். குளவி மண்ணுக்கூடு கட்டியிருக்கும். இல்லன்னா புறா குடும்பம் நடத்தும். நீ குடக்கூலி இல்லாம வீடு விட்டிருக்க, அது வீட்டுக் கதவைச் சாத்தவிடாம வச்சிருக்கு. குஞ்சு இருந்தா அது பறக்கிற வரைக்கும் பொறுத்துக்கோ. பொறவு கூட்டை எடு, தகட்டைச் சோப்புத் தண்ணியில கழுவு, கீல் பக்கம் சிக்கல் இல்லாம ஆடுதான்னு விரலால தட்டிப் பாரு. மறுபடியும் வராம வலை அடிக்கியா? கொசுவலை அடிக்காத. தூசியும் பஞ்சும் படிஞ்சு ரெண்டே மாசத்துல அடைச்சுக்கிடும், ஃபேன் மூச்சு முட்டிச் சூடாகும். அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை போதும். அணிலுக்குத்தான் தடை, காத்துக்கு இல்ல. பல வீட்டு ஒழுகல் இந்தக் கழுவல்லயே நின்னுரும்னு நான் சொன்னா, கேமராக்காரனுக்குக் கோவம் வரும்.

ரெண்டாவது, சரிவு. ஃபேனைக் கழட்டு. சுவத்துக்குள்ள போற பைப்புக்குள்ள ஒரு டம்ளர் தண்ணி ஊத்து. தண்ணி வெளிய போயி விழுந்தா சரிவு சரி. திரும்பி ஒன் காலை நனைச்சா, பைப்பை வச்சவன் வீட்டுக்குள்ளயே வாய்க்கால் வெட்டிட்டுப் போயிருக்கான். அடிக்குக் கால் அங்குலம் வெளிப்பக்கமா இறங்கினா போதும். ஒன்பது அங்குலச் சுவத்துக்கு அது கால் அங்குலத்தைக்கூடத் தொடாது. அந்த இத்துனூண்டு சரிவைக் கொடுக்க ஒரு ரசமட்டமும் ஒரு நிமிசமும் போதும். அந்த ஒரு நிமிசத்தை மிச்சம் பிடிக்கத்தான் எல்லாரும் அலையுதான்.

மூணாவது, மூடி. சுவத்தைத் தாண்டி பைப்பு வெளிய கொஞ்சம் நீட்டிட்டு இருக்கணும். சுவத்தோட சமமா வெட்டி விட்டா, வழியுத தண்ணி உள்ள எட்டிப் பாக்காம என்ன செய்யும்? நீட்டின பைப்புல கீழ பாத்த ஒரு எல்போ மாட்டு. வாய் தரையைப் பாத்து இருந்தா, எந்தக் காத்துக்கும் மழை மேல்நோக்கி ஏறி வர்றது கஷ்டம். சதுர ஃபேனா? அதுக்கு மேல மூணு பக்கம் மூடி, கீழ மட்டும் திறந்த கூண்டு விக்குது. அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம புகைக்கூண்டுதான், பிளாஸ்டிக் சட்டை போட்டிருக்கு. விலைதான் கூட.

நாலாவது, இடுக்கு. பிளாஸ்டிக்கும் சிமெண்டும் எந்தக் காலத்துலயும் ஒட்டாது. வெயில்ல பைப்பு விரியும், ராத்திரியில சுருங்கும். சுத்திப் பூசுன சிமெண்டு விரிசல் விட்டு வாய் பிளந்துரும். அங்க நெகிழ்ந்து கொடுக்கிற பசைதான் போடணும். இதுலயும் கடைக்காரன் சொல்லாத சேதி ஒண்ணு இருக்கு. டியூபைத் திறந்ததும் காடி வாசம் புளிப்பா அடிக்கிற சிலிகான் கண்ணாடிக்குத்தான் ஆகும், சிமெண்டுச் சுவத்துக்கு ஆகாது. ‘நியூட்ரல்’னு போட்டதைக் கேட்டு வாங்கு. சிலிகான் மேல பெயிண்டும் பிடிக்காது. பெயிண்ட் அடிச்சே தீரணும்னா பாலியூரித்தேன் பசை வாங்கு. சுவரு நல்லாக் காஞ்சிருக்கணும். பழைய பசையைச் சுரண்டணும். தூசியைத் துடைக்கணும். பூசி முடிச்சு ஒரு நாளாவது தண்ணி படாம விட்டுரணும். இதையெல்லாம் அடைமழையில எப்படிச் செய்வ? அதனாலதான் வெயில்ல பூசுன்னு சொல்லுதேன்.

பூசுததும் வெளிப்பக்கம் பூசணும். நீ என்ன செய்யுத? வெளிய ஏணி போட சோம்பேறித்தனப்பட்டு, உள்ள நின்னுக்கிட்டே ஒயிட் சிமெண்டை அப்புத. வாசலைத் திறந்து போட்டுட்டு கட்டில் ரூமைப் பூட்டுத. வந்த தண்ணி திரும்பிப் போவுமா? சுவத்துக்குள்ளயே தங்கும். பொறவு ஒரு முழம் தள்ளி, பெயிண்டைப் பெயர்த்துக்கிட்டு ஓதமா வெளிய வரும். அங்கயும் ஒயிட் சிமெண்டு பூசுவ. இப்படியே பூசிக்கிட்டுப் போனா ஒருநாள் பட்டாசலுக்கு வந்துருவ.

இன்னொண்ணும் கேட்டுக்கோ. வெளி மூடியைச் சுத்திப் பசை வைக்கும்போது மேலயும் ரெண்டு பக்கமும் மட்டும் வை. கீழ்ப்பக்கத்தை விட்டுரு. நாலு பக்கமும் அடைக்கிறவன் தன்னைக் கெட்டிக்காரன்னு நெனைக்கான். எப்படியும் கொஞ்சம் தண்ணி உள்ள போவும். அது வெளிய வர ஒரு வழி வேணும்லா? வர்ற வழியை அடைச்சா கெட்டிக்காரத்தனம். போற வழியையும் அடைச்சா கோட்டித்தனம்.

அடுத்தது சன்சைடு. இதைப் பேச ஆரம்பிச்சா எனக்கு வயிறு எரியும். ஓட்டைக்கு மேல ஒன்றரை அடி சிமெண்டுப் பலகை ஒண்ணு நீட்டி வச்சிருந்தா, இத்தனை கூத்தும் வந்திருக்காது. ஒன் வரைபடத்துல அது இருந்துச்சு. வீட்டு முகப்பு டிசைன் போட வந்தவன் பாத்தான். ‘சார், எலிவேஷன் ஃபிளாட்டா இருந்தாத்தான் மாடர்ன் லுக்கு’ன்னான். வெட்டிப் போட்டீங்க. மனுசனுக்குப் புருவம் எதுக்கு இருக்கு? நெத்தி வேர்வை கண்ணுக்குள்ள இறங்காம இருக்கத்தான். அழகுக்குன்னு அதைச் சிரைச்சுப்புட்டு, கண்ணு கரிக்குன்னு டாக்டர்கிட்டப் போறவனை என்ன சொல்லுவ?

வெளிநாட்டுப் படத்தைப் பாத்து வீட்டைக் கட்டுதாங்க. அந்த ஊருல பெய்யுத மழை வேற, நம்ம வாடை வேற. மழையும் சேந்து வெளிநாட்டுலேருந்து வருமா? வராது. இங்க உள்ள மழைதான் பெய்யும். ஒன் வீட்டு முகப்பை ரோட்டுல போறவன் பாப்பான், ‘ஆகா’ம்பான், போயிருவான். உள்ள நின்னு வாளி பிடிக்கிறது நீதான்.

இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. கம்பி கட்டி கான்கிரீட் போடணும்னு இல்ல. ஓட்டைக்கு மேல இரும்பு பிராக்கெட் ரெண்டு அடிச்சு, ஒரு தகடோ பாலிகார்பனேட் ஷீட்டோ சரிச்சு மாட்டினாலும் வேலை நடக்கும். தகடு சுவத்தைத் தொடுத இடத்துல மேல்பக்கம் பசை வைக்க மறந்துராத. கான்கிரீட் சன்சைடு ஏற்கெனவே இருந்தும் ஒழுகுதா? அப்ப அதோட அடிவயித்தைத் தடவிப் பாரு. நனைஞ்சிருக்கும். தண்ணிக்கு ஒரு குணம் உண்டு. விளிம்புக்கு வந்ததும் கீழ விழாது. அடிப்பக்கத்தை ஒட்டிப் பிடிச்சுக்கிட்டே சுவரு வரைக்கும் நடந்து வந்துரும். பழைய கொத்தனாரு இதைத் தெரிஞ்சுதான், விளிம்புக்கு ரெண்டு விரல் உள்ள தள்ளி, அடிப்பக்கம் நீளத்துக்கு ஒரு சின்னப் பள்ளக்கோடு விடுவாரு. அரை அங்குலம் போதும். தண்ணி அந்தக் கோட்டுக்கு வந்ததும் தாண்ட முடியாமச் சொட்டிரும். ஒன் வீட்டுல வெட்டாம மிச்சம் இருக்கிற சன்சைடுல அந்தக் கோடு இருக்கா? இருந்துச்சு. பட்டி பார்த்து வழுவழுன்னு ஆக்கணும்னு பெயிண்டர் அதை அடைச்சிட்டான். நீயும் ‘ஃபினிஷிங் சூப்பர்’னு சொல்லிச் சம்பளம் கொடுத்த.

இப்படிச் செலவில்லாத வழி இத்தனை இருக்க, நீ கடைசியா என்ன செஞ்ச? பாலிதீன் பையை எடுத்து ஓட்டையை மூடி, டேப்பு ஒட்டிட்ட. ஒழுகல் நின்னுட்டுன்னு போட்டோ எடுத்துச் சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்புன. நின்னுட்டு, சரி. ஃபேனும் நின்னுட்டே! இனி தை மாசத்துல சுவரெல்லாம் பூஞ்சை பூக்கும். பூஞ்சைக்கு மருந்து அடிக்க இன்னொருத்தன் வருவான். மருந்து வாடை போக வாசத் திரவம் விக்க இன்னொருத்தன் வருவான். ஒரு ஓட்டையை வச்சு ஊருல எத்தனை பேரு பொழைக்கான் பாரு! தர்மபிரபுல நீ.

எனக்குத் தெரியும், நீ என்ன செய்யப் போறன்னு. மழை விட்டதும் மறந்துருவ. தை, மாசி, பங்குனின்னு வெயில் காயும். வேலை செய்ய அம்புட்டு நாளும் நல்ல நாளுதான். கொத்தனாரும் சும்மா இருப்பாரு. நீ மட்டும் அவரைக் கூப்பிட மாட்ட. ‘இப்பதான் ஒழுகலையே’ம்ப. அடுத்த ஐப்பசி பொறந்ததும் மறுபடியும் வாளியைத் தேடுவ. கொத்தனாரு அப்ப ஒம்பது வீட்டு ஒழுகலுக்கு முன்பணம் வாங்கியிருப்பாரு.

அதனால ஒரு காரியம் செய். அந்தப் பையைப் பிரிச்சுப் போட்டுட்டு, இன்னைக்குச் சொட்டும்போதே அடுப்புக்கரித் துண்டு ஒண்ணு எடு. அடுப்புல கரி இல்லையா? ஆமால்ல, ஒன் அடுப்பு சுவிட்சுலல்லா எரியுது! கறுப்பு மார்க்கர் எடு. சொட்டுத இடத்தைச் சுத்திப் பெருசா ஒரு வட்டம் போடு. பக்கத்துல தேதி எழுது, காத்து எந்தப் பக்கம்னு எழுது, மழை நின்ன பொறவு எம்புட்டு நேரம் சொட்டுச்சுன்னும் எழுது. வெயில் வந்ததும் கொத்தனாருக்கு நீ வாயைத் திறந்து ஒண்ணுமே சொல்ல வேண்டாம்; சுவரே சொல்லிரும். ஒன் வெளிநாட்டு டைல்ஸ் மேல கறுப்பு வட்டம் போட மனசு வரலையா? அதுக்குத்தாம்ல போடச் சொல்லுதேன்! வீட்டுக்கு வர்ற சம்பந்தி வீட்டு ஆளுங்க ‘என்ன தம்பி இது’ன்னு ரெண்டு தடவை கேட்டா, மூணாவது தடவை அவங்க வர்றதுக்கு முந்தி ஒன் வீட்டுல ஏணி சாத்தியிருக்கும்.